விதையும் நிலமும்: கிரிகோர் மெண்டலின் வாழ்க்கை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர் பெரியோர். உண்மைதான். ஆனால் முளைப்பதற்கே ஒரு பிடி மண் வேண்டும், ஈரம் வேண்டும், ஆடு மாடு மேயாமல் காக்க வேலி வேண்டும். எத்தனை வீரியமுள்ள விதையானாலும் பாறைமேல் கிடந்தால் காய்ந்துதான் போகும். பயிருக்கு மட்டுமன்று, விஞ்ஞானத்திற்கும் கணிதத்திற்கும் பொறியியலுக்கும் இதுவே விதி. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைப் படிக்கும்போது, அதைக் கண்டவரின் அறிவை வியக்கிறோம். அந்த அறிவு வேர்விட மண்ணாக இருந்தவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

உயிரியல் தேர்வில் பட்டாணிச் செடியின் படம் வரைந்து, 3:1 என்ற விகிதத்தை எழுதி மதிப்பெண் பெறும் மாணவியர் நம்மில் பலர். அந்த விகிதத்தைக் கண்டவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. மரபியலின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவருக்கு மண்ணும் ஈரமும் வேலியும் எங்கெங்கிருந்து வந்தன என்பதையும், அவை கிட்டாதபோது என்ன நேர்ந்தது என்பதையும் சற்றுப் பார்ப்போம்.

உழவர் வீட்டுப் பிள்ளை

1822ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஹைன்சென்டார்ஃப் என்ற சிற்றூரில் மெண்டல் பிறந்தார். இன்று அவ்வூர் செக் குடியரசில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் யோஹான். தந்தை அந்தோன் ஒரு குடியானவர். சொந்தமாகச் சிறிது நிலம் இருந்தபோதிலும், அக்கால வழக்கப்படி வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவின் பண்ணையில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. வெரோனிக்கா என்ற அக்காளும், தெரேசியா என்ற தங்கையும் யோஹானுக்கு உண்டு.

அந்த ஊர்ப் பங்குக் குருவானவர் பழமரம் வளர்ப்பதில் தேர்ந்தவர். ஒட்டுக்கட்டும் முறையை ஊராருக்குக் கற்பித்தார். யோஹானின் தந்தையும் தம் தோட்டத்தில் நல்ல ரகப் பழமரங்களை வளர்த்தார். செடியைத் தொட்டுப் பழகும் கைகள் சிறுவயதிலேயே பையனுக்கு வாய்த்துவிட்டன.

பள்ளியில் பையனின் கூர்மையைக் கண்ட ஆசிரியர் மேற்படிப்புக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் கூறினார். ஒரே மகன், நிலத்தைப் பார்க்க வேறு ஆண்பிள்ளை இல்லை. ஆயினும் பெற்றோர் துணிந்தனர். தொலைவிலுள்ள நகரத்துப் பள்ளிக்கு அனுப்பினர். முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வழியில்லாமல் அரைச் சாப்பாட்டுக்கே கட்டினர். ஊரிலிருந்து வண்டி போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தனுப்பினர். அரை வயிற்றோடுதான் அந்த மாணவன் முதல் வரிசையில் தேறினான்.

1838ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. பண்ணை வேலையில் ஈடுபட்டிருந்தபோது மரக்கட்டை உருண்டு வந்து தந்தையின் மார்பை நசுக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய வலிமை திரும்பவில்லை. பதினாறு வயதில் யோஹான் பிற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1840இல் ஒலொமோட்ஸ் நகரத்துத் தத்துவக் கல்விக் கழகத்தில் சேர்ந்தார். புதிய ஊரில் பாடம் கேட்க மாணவர் கிடைக்கவில்லை. கவலையும் பசியும் சேர்ந்து அவரை நோயில் தள்ளின. படிப்பை நிறுத்தி வீடு திரும்பி, நெடுநாள் படுக்கையில் கிடந்தார்.

தங்கை தந்த பங்கு

இனி உழைக்க இயலாத தந்தை, 1841இல் நிலத்தை மூத்த மகள் வெரோனிக்காவின் கணவருக்கு விற்றுவிட்டார். அந்த விற்பனைப் பத்திரத்தில் யோஹானுக்கு ஒரு சிறு தொகையும், இளையவளான தெரேசியாவின் திருமணச் சீதனத்திற்கென ஒரு தொகையும் ஒதுக்கப்பட்டன. யோஹானுக்குக் கிடைத்தது படிப்பை முடிக்கப் போதவில்லை.

அப்போது தெரேசியா சிறுமி. தனக்கென ஒதுக்கிய சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்துவிட்டாள். அந்நாளைய குடியானவர் வீட்டுப் பெண்ணுக்குச் சீதனம் என்பது வெறும் பணமன்று. நாளை தான் புகப்போகும் வீட்டில் தன் நிலையைத் தாங்கும் ஊன்றுகோல். அதை முறித்து அண்ணன் கையில் கொடுத்தாள் அவள். அந்தப் பணத்தால்தான் யோஹான் ஒலொமோட்ஸுக்குத் திரும்பி, விட்ட படிப்பை முடித்தார். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் மரபியலுக்கு முதல் மூலதனம் போட்டவர் யார் என்று கேட்டால், எந்த அரசரும் அல்லர், எந்தச் செல்வரும் அல்லர். இந்தச் சிறுமியே என்று சொல்லலாம்.

மெண்டல் அந்தக் கடனை மறக்கவில்லை. பிற்காலத்தில் தெரேசியாவின் மூன்று ஆண்மக்களின் கல்விக்கும் அவர் உதவினார். அவர்களில் இருவர் மருத்துவராயினர்.

மடத்தின் கதவு திறந்தது

படிப்பு முடிந்தது, பிழைப்புக்கு வழி என்ன? அவருடைய பௌதிக ஆசிரியர் பிரான்ஸ் என்பவர், புருன் நகரிலிருந்த தூய தோமையார் மடத்திற்கு அவரைப் பரிந்துரைத்தார். அந்நகரமே இன்றைய பிர்னோ. 1843 அக்டோபரில் மெண்டல் அம்மடத்தில் சேர்ந்து, கிரிகோர் என்ற துறவறப் பெயரை ஏற்றார். அன்றாடச் சோற்றுக்கான கவலை அவரை விட்டு நீங்கிற்று.

அது அகுஸ்தீன் சபை மடம். அங்கிருந்த துறவியர் பலர் நகரத்துப் பள்ளிகளில் ஆசிரியர்கள். செடியியல், கணிதம், இசை, தத்துவம் என ஆளுக்கொரு துறையில் ஈடுபட்டவர்கள். பெரிய நூலகம் இருந்தது. செடிகளை வளர்த்து ஆராயத் தோட்டம் இருந்தது. மடாதிபதி சிரில் நாப் பரந்த நோக்குடையவர். ஆடு வளர்ப்பும் பழமர வளர்ப்பும் செழித்த நாடு அது. நல்ல கம்பளம் தரும் ஆட்டின் குணம் குட்டிக்கு எப்படி வருகிறது என்று அந்நகரத்து விவசாயச் சங்கத்தார் விவாதித்துக்கொண்டிருந்தனர். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் எது வருகிறது, எவ்வாறு வருகிறது என்பதுதான் விடை காண வேண்டிய கேள்வி என்று 1830களிலேயே எடுத்துரைத்தவர் நாப். ஆக, மெண்டல் அந்த மடத்தின் வாசலை மிதிக்கும் முன்னரே அவருடைய கேள்வி அங்கே காத்திருந்தது.

1847இல் மெண்டல் குருப்பட்டம் பெற்றார். நோயாளிகளைச் சந்திக்கும் பணி அவருக்குக் கொடுக்கப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டு தாங்க மாட்டாத மென்மையான உள்ளம் அவருடையது, அவரே நோயுற்றார். வேறொரு தலைவராக இருந்தால் கீழ்ப்படிதலைச் சுட்டிக் கடிந்திருக்கலாம். நாப் அவ்வாறு செய்யவில்லை. இவருக்கு ஏற்ற பணி எது என்று பார்த்தார். 1849இல் ஸ்னாய்ம் என்ற ஊரிலிருந்த பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார். அங்கே மாணவர்க்கும் சக ஆசிரியர்க்கும் மெண்டல் பிரியமானவரானார்.

தோல்வி திறந்த வழி

நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் அரசுத் தேர்வில் தேற வேண்டும். 1850இல் மெண்டல் அத்தேர்வை எழுதினார், தோற்றார். முறையாகப் பல்கலைக்கழகத்தில் பயிலாமல், தானே படித்து எழுதியவர் அவர். தேர்வாளர்களில் ஒருவர் அவரிடம் அறிவுக் குறைவு இல்லை, பயிற்சிக் குறைவே உள்ளது என்று உணர்ந்து, அவரைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பும்படி மடாதிபதிக்கு யோசனை கூறினார். நாப் தயங்கவில்லை. 1851 முதல் 1853 வரை மடத்தின் செலவில் மெண்டல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார்.

இந்த இரண்டு ஆண்டுகள் இல்லையேல் மெண்டல் இல்லை. ஒலியைப் பற்றிய விதியால் நாம் அறியும் டாப்ளர் அவருக்குப் பௌதிகம் கற்பித்தார். எட்டிங்ஸ்ஹவுசன் என்பவரிடம் சேர்மானக் கணிதம் அறிந்தார். சில பொருள்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று எண்ணும் கணக்கு அது. உங்கர் என்பவரிடம் செடியியல் கற்றார். பௌதிகத்தில் சோதனை செய்யும் ஒழுங்கு, கணிதத்தில் எண்ணும் முறை, செடியைப் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் வந்து கூடின.

1856இல் அதே தேர்வை மறுபடியும் எழுதச் சென்றார். நோயுற்றுப் பாதியிலே திரும்பினார். கடைசிவரை அவர் தற்காலிக ஆசிரியராகவே பதினான்கு ஆண்டுகள் புருன் நகரத்துப் பள்ளியில் பௌதிகமும் இயற்கை நூலும் கற்பித்தார். தேர்வில் தோற்று மனமுடையும் மாணவியர் இதைச் சற்று நினைவில் கொள்க.

பட்டாணித் தோட்டம்

அந்த 1856ஆம் ஆண்டிலேயே அவருடைய பெரும் சோதனை தொடங்கியது. மடத்துச் சுவரை ஒட்டி ஏறத்தாழ 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம் அவருக்கு விடப்பட்டது. நாப் கட்டுவித்த கண்ணாடிக் கூடமும் பயன்பட்டது. விதை வணிகரிடமிருந்து 34 வகைப் பட்டாணி வாங்கி, இரண்டு ஆண்டுகள் பயிரிட்டுப் பார்த்து, குணம் மாறாமல் வழிவழியாக வந்த 22 வகைகளைத் தேர்ந்துகொண்டார். சோதனைக்கு முன்னே சோதனை! இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தும் மடத்தில் எவரும் பலன் எங்கே என்று கேட்கவில்லை.

பட்டாணிப் பூவின் அமைப்பே அவருக்கு உதவியது. அதன் மகரந்தமும் சூல்முடியும் இதழுக்குள் மூடிக் கிடப்பதால் வண்டு கொண்டுவரும் வேற்று மகரந்தம் எளிதில் கலப்பதில்லை. பூ விரியும் முன்பே மெல்லத் திறந்து, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, வேறு வகைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் இட்டார். விதை உருண்டையா சுருக்கமா, மஞ்சளா பச்சையா, செடி நெட்டையா குட்டையா என்பன போன்ற ஏழு பண்புகளை மட்டும் கவனித்தார். அவருக்கு முன்னே செடிகளைக் கலந்து பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் செடி முழுவதையும் ஒருசேரப் பார்த்து வியந்தனர். மெண்டல் ஒவ்வொரு பண்பையும் தனியே பிரித்து, எண்ணினார்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் விதைகள் யாவும் உருண்டையாகவே வந்தன. சுருக்கம் அழிந்துவிட்டதோ? அவற்றை விதைத்துத் தாமாகவே காய்க்க விட்டார். அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. நிறத்தைப் பார்த்தபோது 6,022 மஞ்சள், 2,001 பச்சை. மறுபடியும் மூன்றுக்கு ஒன்று. ஏழு பண்புகளிலும் அதே விகிதம்.

வியன்னாவில் கற்ற கணக்கு இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு செடியில் இரண்டு கூறுகள் உள்ளன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அவற்றுள் ஒன்று ஓங்கி நிற்கும், மற்றது ஒடுங்கி நிற்கும், ஆனால் அழியாது. அடுத்த தலைமுறைக்குச் செல்லும்போது இரண்டும் பிரிந்து செல்லும். நான்கில் ஒரு விதைக்கு ஒடுங்கிய கூறுகள் இரண்டும் வந்து சேரும். அங்கே பாட்டியின் சாயல் பேத்தியிடம் தெரிவதுபோல் மறைந்த பண்பு மீண்டும் தலைகாட்டும். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளை ஆராய்ந்து மெண்டல் கண்ட உண்மை இது.

கேட்பார் இல்லை

1865ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாளும் மார்ச் 8ஆம் நாளும் புருன் நகர இயற்கை ஆய்வுக் கழகத்தில் மெண்டல் தம் ஆய்வை வாசித்தார். மறு ஆண்டு அது கழகத்தின் இதழில் அச்சாயிற்று. அந்த இதழ் பல நாடுகளிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குச் சென்றது. கட்டுரையின் 40 தனிப்படிகளையும் மெண்டல் பெற்றுச் சிலருக்கு அனுப்பினார். பயன் ஒன்றும் விளையவில்லை. செடியியலார்க்குக் கணக்கு புரியவில்லை. கணக்கு அறிந்தவர்க்குப் பட்டாணியில் அக்கறை இல்லை.

மியூனிக் நகரப் பேராசிரியர் நேகலி ஒருவரே கடிதத் தொடர்பு கொண்டார். அவரும் பட்டாணியை விட்டுத் தாம் ஆராய்ந்துவந்த ஹாக்வீட் என்ற காட்டுச் செடியில் சோதனை செய்யும்படி தூண்டினார். அந்தச் செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை தருவது. இது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. அதில் 3:1 வரவில்லை. மிக நுண்ணிய அதன் பூக்களோடு போராடி மெண்டலின் கண்கள் நொந்ததுதான் மிச்சம்.

1867இல் நாப் மறைந்தார். 1868இல் மெண்டலையே மடாதிபதியாகத் தேர்ந்தெடுத்தனர். பதவி உயர்ந்தது, ஆனால் வேலி விழுந்தது. பிறருக்கு ஓய்வும் அமைதியும் தர வேண்டிய இடத்தில் இருந்தவருக்குத் தமக்கென ஓய்வில்லை. 1874இல் மடங்களின் சொத்துக்கு அரசு புதிய வரி விதித்தது. அது நியாயமன்று என்று மெண்டல் இறுதிவரை எதிர்த்தார். மனுவும் மறுமனுவும் எழுதியே ஆண்டுகள் கழிந்தன. தேனீ வளர்ப்பும் வானிலைக் குறிப்பும் மட்டும் ஒருவாறு தொடர்ந்தன. 1884 ஜனவரி 6ஆம் நாள் சிறுநீரக நோயால் அவர் உயிர் நீத்தார். அடக்கத் திருப்பலியில் ஆர்கன் வாசித்தவர் பின்னாளில் புகழ்பெற்ற இசைமேதை யானாசெக். நல்ல மடாதிபதி, ஏழைகளின் நண்பர் என்று நகரம் கண்ணீர் வடித்தது. பெரிய விஞ்ஞானி ஒருவரைப் புதைக்கிறோம் என்று அங்கிருந்தவர்கள் அறியவில்லை.

மண் பதமான காலம்

அவர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1900இல் ஹாலந்தின் டி விரீஸ், ஜெர்மனியின் காரென்ஸ், ஆஸ்திரியாவின் செர்மாக் ஆகிய மூவரும் தனித்தனியே செய்த ஆய்வுகளால் மெண்டலின் கட்டுரை வெளிச்சத்திற்கு வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் உறங்கிய விதை அப்போது ஏன் முளைத்தது? இடைப்பட்ட காலத்தில் உருப்பெருக்கிக் கருவிகள் வளர்ந்துவிட்டன. உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களையும், கருவுறும்போது தாய், தந்தை இருவரின் உட்கருவும் ஒன்றுசேர்வதையும் அறிஞர்கள் கண்டிருந்தனர். மெண்டல் கணக்கால் கண்ட கூறுகளுக்கு இருப்பிடம் கிடைத்தது. மண் பதப்பட்டிருந்தது.

அந்தப் பயிரின் விளைச்சல் நம் ஊர் வயல்களுக்கும் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தோனேசியாவின் நெட்டை நெல்லையும் தைவானின் குட்டை நெல்லையும் கலந்தனர். முதல் தலைமுறை யாவும் நெட்டை; அடுத்த தலைமுறையில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு! அந்தக் குட்டைகளிலிருந்து தேர்ந்தெடுத்து 1966இல் வெளியிட்டதுதான், தமிழ்நாட்டு உழவர்கள் விளைவித்த ஐ.ஆர். 8.

நாம் செய்ய வேண்டியது

மெண்டலின் அறிவும் பொறுமையும் அவருடையவை, அதில் ஐயமில்லை. ஆனால் பெற்றோரின் துணிவு, தங்கையின் சீதனம், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை, தேர்வாளர் ஒருவரின் நல்லெண்ணம், நாப் அவர்களின் பெருந்தன்மை, ஒரு துண்டு நிலம், எட்டு ஆண்டு அமைதி ஆகிய இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த அறிவு ஹைன்சென்டார்ஃப் வயல்களோடு மண்ணாகியிருக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அண்ணனின் படிப்புக்குத் தங்கை கொடுத்தாள். தங்கையின் படிப்புக்குக் கொடுக்க யார் இருந்தார்கள்? கொடுத்திருந்தாலும் அவள் எங்கே சென்று படித்திருப்பாள்? மெண்டல் பயின்ற வியன்னாப் பல்கலைக்கழகம் பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1897இல்தான். தெரேசியாவின் உள்ளத்திலும் ஒரு விதை இருந்ததா என்பதை உலகம் அறியவே இல்லை.

அன்புத் தோழியரே, அந்தக் கதவு இன்று நமக்குத் திறந்திருக்கிறது. ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. மாலையில் பாத்திரம் கழுவும் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் விடுதலை, படிக்க ஒரு மூலை, ஒரு விளக்கு, தோற்ற நாளில் கடிந்து கொள்ளாத ஒரு சொல் ஆகியவையும் வேண்டும். இவை பெரிய செலவல்ல. பெற்றோர்களே, உங்கள் மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்து வைத்திருப்பதில் ஒரு பங்கை அவளுடைய படிப்புக்கு எடுத்து வைக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். நமக்குக் கல்வி புகட்டும் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் ஒவ்வொரு மாணவிக்கும் ஏற்ற இடம் எது என்று தேடுவதன் அருமையை நாமும் உணர்வோம்.

நம்முள் எல்லாரும் மெண்டல் ஆகிவிட முடியாது. ஆனால் நம் வீட்டிலோ வகுப்பிலோ உள்ள ஒரு விதைக்கு நாம் ஒவ்வொருவரும் தெரேசியாவாக இருக்க முடியும். அந்த விதை முளைத்து மரமாகும் நாளில் நம் பெயர் எவர் நினைவிலும் இல்லாமற் போகலாம். நிழல் மட்டும் நிச்சயம் இருக்கும்.